முறிந்த எலும்புக்குப் பொறுப்பாளி யார்?

கட்டிலிற் கிடக்கும் ஒரு கிழவியை எடுத்து நாற்காலியில் உட்கார வைப்பதும் ஒரு ராஜீய விஷயமா என்று நமது நேயர்களிற் சிலர் கேட்கக்கூடும். சர்க்காரைப் பற்றியும் சட்டசபையைப் பற்றியும் இந்தப் பக்கத்தில் படித்துப் பழகியவர்களுக்கு, இது வீட்டுக்குள் பார்த்துக்கொள்ள வேண்டிய சிறு காரியமாகத் தோன்றலாம். நாம் அவ்வாறு கருதவில்லை. ஒரு தேசத்தின் சட்டம் மெய்யாகவே உயிரோடிருக்கிறதா, காகிதத்தில் மட்டும் இருக்கிறதா என்று சோதித்தறிய இதைவிடத் தக்க உரைகல் கிடைப்பது அரிது என்பது நமது அபிப்பிராயம். ஐசுவரியத்திற் பெயர்பெற்ற அமெரிக்க ஐக்கிய நாட்டின் அநுபவத்தைக் கொண்டு இதை விளக்க முற்படுகிறோம்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். நம் ஊர்களில் நர்ஸிங் ஹோம் என்றால் ஒரு டாக்டர் தம் சொந்தத்தில் நடத்தும் சிறு ஆஸ்பத்திரி. அமெரிக்காவில் அதே பெயர், தாமாக எழுந்து நடமாட இயலாத வயோதிகரும் ஊனமுற்றோரும் மாதக்கணக்காகவும், ஆயுள் முழுவதுமாகவும் தங்கியிருக்கும் பராமரிப்பு இல்லத்தைக் குறிக்கும். அத்தகைய இல்லங்கள் அங்கே சுமார் 15,000 உண்டு. அவற்றில் 12 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வசிக்கிறார்கள். பத்தில் ஏழு இல்லங்கள் லாபத்தை நோக்கமாகக் கொண்டு நடப்பவை. பக்கவாதத்தால் ஒரு பாகம் செயலற்றவர், மறதி நோயால் தம் பெயரையே மறந்தவர், கால் முட்டிகள் உறைந்துபோனவர் ஆகியோரைப் படுக்கையினின்று சக்கர நாற்காலிக்கும், நாற்காலியினின்று கழிவறைக்கும், மீண்டும் படுக்கைக்கும் நாளொன்றுக்குப் பன்முறை மாற்ற வேண்டியிருக்கிறது. இந்த வேலை பெரும்பாலும் நர்ஸுகளுக்கு உதவியாக அமர்த்தப்பட்ட பணிப்பெண்களின் தலையில் விழுகிறது.

காலை ஆறு மணி என்று வைத்துக்கொள்வோம். இராமுறை முடியும் தறுவாயில், ஒரு பகுதிக்கு ஒரே பணிப்பெண். எட்டு மணிக்குள் எல்லோரும் உடுத்தி உட்கார்ந்தாக வேண்டும். இந்த அம்மாளை இருவர் சேர்ந்து யந்திரத்தின் உதவியால் தூக்க வேண்டுமென்று அவளுடைய பராமரிப்புத் திட்டத்தில் எழுதியிருக்கிறது. இரண்டாம் ஆள் வேறொரு பகுதியில் இருக்கிறாள். யந்திரத்தின் மின்கலத்தில் விசை இல்லை. பணிப்பெண் என்ன செய்வாள்? கிழவியின் அக்குள்களில் தன் கைகளைக் கொடுத்துத் தானே தூக்கிவிடுகிறாள். நாம் எந்த ஓர் இல்லத்தையும் சுட்டி இதைச் சொல்லவில்லை. இத்தொழிலை அறிந்த எவரும் மறுக்காத நித்தியக் காட்சி இது.

அக்குளிற் கை கொடுத்துத் தூக்கும்பொழுது உடம்பின் பாரம் முழுவதும் தோள்மூட்டின்மீது விழுகிறது. முதுமையினால் தசை தளர்ந்த தோள் இடம் பெயர்ந்துவிடும். காகிதம்போல் மெலிந்த தோல் பிடித்த இடத்திலேயே கிழிந்து வரும். பாதம் தரையில் ஊன்றி நிற்க, உடம்பை மட்டும் திருப்பினால், சுண்ணாம்புச் சத்துக் குறைந்த தொடையெலும்பு முறுக்கிக்கொண்டு முறியும். சக்கர நாற்காலியின் தடையைப் பூட்ட மறந்தால் அது பின்னே நகர்ந்துவிட, கிழவி தரையில் விழுவாள். இரத்தம் உறையாமலிருக்க மருந்துண்பவர் தலையில் அடிபட்டால் மண்டைக்குள் இரத்தம் கசியும்; சில மணி நேரம் வரையில் வெளிக்கு ஒன்றும் தெரியாது. இடுப்பெலும்பு முறிந்த வயோதிகர்களில் ஏறக்குறைய நான்கைந்து பேருக்கு ஒருவர் ஒரு வருஷத்திற்குள் இறந்துபோகிறார் என்பது வைத்தியர்கள் கண்ட உண்மை. ஆகவே, அரை நிமிஷத்து அவசரம் என்று நாம் நினைப்பது பல சமயங்களில் மரண சாஸனமாக முடிகிறது.

தூக்கியவளின் கதி என்ன? அவளும் தப்புவதில்லை. அமெரிக்காவில் தொழிற் பாதுகாப்பை ஆராயும் அரசாங்க ஸ்தாபனமொன்று 1990-களில், சாதாரணச் சுமையைத் தகுந்த நிலைமையில் ஒருவர் தூக்குவதற்கு 51 ராத்தலை, அதாவது சுமார் 23 கிலோவை, உச்ச வரம்பாக வகுத்தது. மனித உடம்பு பெட்டியைப்போல் அசையாமல் இருப்பதன்று. அதற்குக் கைப்பிடி கிடையாது, பயந்தால் துள்ளும், திடீரெனத் துவளும். இவற்றையெல்லாம் கணித்து அதே ஸ்தாபனத்தைச் சேர்ந்த நிபுணர் ஒருவர் 2007-ஆம் வருஷத்தில், நோயாளிகளைத் தூக்குவதற்கு உகந்த வரம்பு 35 ராத்தல், அதாவது சுமார் 16 கிலோ, என்று வெளியிட்டார். அறுபது கிலோ எடையுள்ள ஒரு கிழவியை இருவர் பங்கிட்டுக்கொண்டாலும் ஆளுக்கு முப்பது கிலோ வருகிறது. கணக்குத் தெரிந்த சிறுவனும் இதன் முடிவைச் சொல்லிவிடுவான். தாமாக நிற்க இயலாதவரை வெறுங்கையால் தூக்குவது, ஒருவர் தூக்கினாலும் இருவர் தூக்கினாலும், முதுகெலும்புக்கு ஆபத்தே. இல்லப் பணிப்பெண்கள் இடுப்பும் முதுகும் பழுதாகி வேலையிழக்கும் விகிதம் அந்நாட்டுத் தொழில்கள் எல்லாவற்றிலும் மிக உயர்ந்தவற்றுள் ஒன்றாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

நெடுங்காலமாக இதற்குச் சொல்லப்பட்டுவந்த பரிகாரம் ஒன்று உண்டு. முட்டியை மடக்கு, முதுகை நிமிர்த்து, சரியாகத் தூக்கக் கற்றுக்கொள் என்பதே அது. பல வருஷங்கள் இதைப் போதித்துப் பார்த்தார்கள். போதனையால் மட்டும் காயங்கள் குறையவில்லை. இயலாத காரியத்தை அழகாகச் செய்யக் கற்றுக்கொடுப்பதால் அது இயலும் காரியமாகிவிடாது. ஆனால் இந்தப் போதனையால் எஜமானர்களுக்கு ஒரு நன்மை உண்டு. விபத்து நேர்ந்தவுடன், நாங்கள் கற்பித்தபடி அவள் செய்யவில்லை என்று பழியைப் பணிப்பெண்மீது சுமத்திவிடலாம்!

மெய்யான பரிகாரம் வேறிடத்தில் இருக்கிறது. குழந்தையைத் தூளியிலிட்டுத் தொங்கவிடுவதுபோல், வயோதிகரை உறுதியான தூளித்துணியில் அமர்த்தி, விசையால் மெல்ல உயர்த்தி இறக்கும் யந்திரங்கள் உண்டு. ஓரளவு காலூன்ற இயல்பவர்களை எழுப்பி நிறுத்த ஒருவகை. அறவே இயலாதவர்களுக்கு மற்றொருவகை. இவற்றை வாங்கி, யாருக்கு எது என்று எழுதிவைத்து, பணியாட்களுக்குப் பழக்கிக்கொடுத்தால் என்ன பலன் என்று ஆறு இல்லங்களில், 1,728 பணியாளர்களை வைத்துச் செய்த ஆராய்ச்சியின் முடிவு 2004-இல் வெளியாயிற்று. நஷ்டஈடு கோரும்படியான காயங்களின் விகிதம் 61 சதவிகிதம் குறைந்தது. யந்திரத்துக்கும் பயிற்சிக்குமாகச் செலவான 1,58,556 டாலர், நஷ்டஈட்டுத் தொகை குறைந்ததனாலேயே மூன்று வருஷத்திற்குள் திரும்பி வந்துவிட்டது. தர்மத்துக்காகச் செய்யாவிட்டாலும் லாபத்துக்காகவாவது செய்திருக்கலாமே என்று எவருக்கும் கேட்கத் தோன்றும்.

எனினும் யந்திரத்தை வாங்கி மூலையில் நிறுத்திவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று எண்ணுவதும் பேதைமை. தூளியின் அளவு பெரிதானால் உடம்பு நழுவி விழும். சிறிதானால் தொடையை இறுக்கும். வளையங்களில் ஒன்றைக் கொக்கியில் சரியாக மாட்டாவிட்டால் ஒரு பக்கமாகச் சரிந்து தலைகீழாக விழ நேரும். அடித்தளத்தின் கால்களை அகலப் பரப்பாமல் திருப்பினால் யந்திரமே கவிழலாம். காலூன்ற முடியாதவரை, ஊன்றுகிறவருக்கான யந்திரத்தில் ஏற்றினால் அவர் தொங்கலில் மயங்கிச் சரிவார். ஆதலால் யந்திரத்தை இயக்கவும் நிதானமான கைகள் வேண்டும். பெரும்பாலும் இரண்டு ஜோடிக் கைகள் வேண்டும். இங்கேதான் விஷயத்தின் அடிவேர் இருக்கிறது. கைகளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். கூலி லாபத்தைக் குறைக்கும்.

சட்டம் என்ன சொல்கிறது? பராமரிப்பு இல்லங்களின் சீர்கேட்டை ஆராய்ந்த அறிஞர் குழு ஒன்று 1986-இல் சமர்ப்பித்த அறிக்கையை ஒட்டி, அமெரிக்கக் காங்கிரஸ் 1987-இல் ஒரு சீர்திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. இல்லவாசி ஒவ்வொருவரின் நிலையையும் பரிசீலித்துப் பராமரிப்புத் திட்டம் எழுத வேண்டும். பணிப்பெண்ணுக்குக் குறைந்தது 75 மணி நேரம் பயிற்சி தர வேண்டும் என்று அது விதித்தது. அதன் கீழ் வந்த விதிகள், விபத்தைத் தடுக்கும் மேற்பார்வையும் துணைக்கருவிகளும் இல்லவாசிக்குக் கிடைக்க வேண்டுமென்றும் கூறின. இவையெல்லாம் மெச்சத்தக்கவையே. ஆனால் எத்தனை ஆட்கள் வேண்டும் என்ற இடத்தில் சட்டம் ஒரு வார்த்தையோடு நின்றுவிட்டது. இல்லவாசிகளின் தேவைக்குப் 'போதிய' நர்ஸுகள் இருக்க வேண்டும் என்றது. பட்டம் பெற்ற நர்ஸ் ஒருவர் நாளொன்றுக்கு எட்டு மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று மட்டும் கணக்குக் காட்டியது. போதும் என்பது யாருக்குப் போதும்? சட்டம் படித்தவர்களுக்குத் தெரியும்: அளவு சொல்லாத கடமை, அதைச் செய்ய வேண்டியவனுடைய மனச்சாட்சியின் அளவாகவே இருந்துவிடும்.

இந்தக் குறையை நிரப்ப இரண்டு முயற்சிகள் நடந்தன. இரண்டும் எவ்விதம் முடிந்தன என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். பளு தூக்குதல் முதலியவற்றால் தொழிலாளரின் தசைக்கும் எலும்புக்கும் நேரும் கெடுதிகளைத் தடுக்க, 2000 நவம்பரில் தொழில் இலாகா ஒரு விதியைப் பிரசுரித்தது. அடுத்த வருஷம் மார்ச் மாதத்திற்குள் காங்கிரஸ் அதை ரத்து செய்துவிட்டது. 2003-இல் பராமரிப்பு இல்லங்களுக்கென்றே அந்த இலாகா வேறொரு பிரசுரம் வெளியிட்டு, கையால் தூக்குவதை எங்கும் குறைக்கவும், இயன்ற இடத்தில் அறவே ஒழிக்கவும் வேண்டுமென்று கூறியது; ஆனால் இம்முறை அது யோசனை மாத்திரமே, கட்டளையன்று.

இரண்டாவது முயற்சி 2024-இல் நடந்தது. இல்லவாசி ஒருவருக்கு நாளொன்றுக்கு 3.48 மணி நேர ஊழியம், அதில் பணிப்பெண்களின் ஊழியம் 2.45 மணி நேரம் என்று மத்திய அரசாங்கம் குறைந்தபட்ச அளவை நிர்ணயித்தது. இருபத்து நான்கு மணி நேரத்துக்குச் சராசரியாகப் பங்கிட்டால், சுமார் பத்துப் பேருக்கு ஒரு பணிப்பெண் என்றாகிறது. தாராளமென்று சொல்லத்தக்க அளவல்ல அது. ஆயினும் இல்ல முதலாளிகளின் சங்கங்கள் வழக்குத் தொடுத்தன. காங்கிரஸ் கொடுக்காத அதிகாரத்தை இலாகா எடுத்துக்கொண்டது என்று 2025 ஏப்ரலில் டெக்ஸாஸ் மாகாணத்து மத்திய கோர்ட்டு ஒன்று அந்த அளவைத் தள்ளிவிட்டது. 2025 ஜூலையில் நிறைவேறிய வரவுசெலவுச் சட்டமோ, 2034 வரையில் அதை அமல்படுத்தலாகாது என்று தடுத்தது.

முதலாளிகள் தரப்பிற் சொல்லப்படுவதையும் நாம் மறைக்க விரும்பவில்லை. இல்லவாசிகளில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு திட்டத்தின் பணத்திலேயே காலந்தள்ளுகிறார்கள். அந்தத் திட்டம் கொடுக்கும் தொகை போதாது. கிராமப்புறங்களில் வேலைக்கு ஆள் கிடைப்பதில்லை. நிர்ப்பந்தித்தால் இல்லங்கள் மூடப்படும் என்கிறார்கள். இவற்றில் உண்மை இல்லாமலில்லை. ஆனால் ஆள் ஏன் கிடைப்பதில்லை என்று சற்றே யோசித்தால், முதுகு முறியும் வேலைக்குச் சொற்பக் கூலி கொடுத்தால் யார் நிலைத்திருப்பார் என்ற கேள்வி எழுகிறது. ஒருத்தி முதுகு பழுதாகி விலகினால் மிஞ்சியவளின் சுமை இரட்டிக்கிறது, அவளும் விலகுகிறாள். ஆள் பஞ்சத்தைக் காரணங்காட்டி ஆபத்தை நீடிப்பதும், ஆபத்தினால் ஆள் பஞ்சத்தை வளர்ப்பதும் ஒரே சக்கரத்தின் சுழற்சியே.

மத்தியில் தோற்றது மாகாணங்களிற் சில இடங்களில் பலித்திருக்கிறது. 2005-இல் டெக்ஸாஸ் மாகாணம் இந்நாடு முழுவதிற்கும் முன்னோடியாக ஒரு சட்டம் செய்தது. ஆஸ்பத்திரிகளோடு பராமரிப்பு இல்லங்களும், நோயாளியைத் தூக்குவதாலும் மாற்றுவதாலும் நேரும் ஆபத்தைக் கண்டறிந்து அடக்கும் திட்டம் வகுக்க வேண்டும் என்று அது கட்டளையிட்டது. தனக்கோ நோயாளிக்கோ ஆபத்தென்று மனப்பூர்வமாக நம்பினால், அவ்வாறு தூக்க மறுப்பதற்கு நர்ஸுக்கு வழி செய்யும் ஏற்பாடும் அதில் அடங்கியிருந்தது. மறுக்கும் உரிமை என்பதே இதில் மேலான அம்சம் என்று நாம் மதிக்கிறோம். 2011-இல் கலிபோர்னியா செய்த சட்டம் ஆஸ்பத்திரிகளோடு நின்றுவிட்டது. பராமரிப்பு இல்லங்களின் வாசலை அது மிதிக்கவில்லை.

கடலுக்கு இப்பால் பிரிட்டனையும் ஒரு முறை பார்க்கலாம். அபாயகரமாகக் கையாற் பளு தூக்குவதை இயன்ற மட்டும் தவிர்க்க வேண்டுமென்று 1992-ஆம் வருஷத்து விதிகள் அங்கே எஜமானனைக் கட்டுப்படுத்தின. மனிதரைத் தூக்கும் யந்திரத்தைப் பொதுவாக ஆறு மாதத்திற்கொருமுறை தகுதி பெற்றவர் பரிசோதிக்க வேண்டுமென்று 1998-ஆம் வருஷத்து விதிகள் கூறின. பின்னர் சில ஸ்தாபனங்கள் மறுகோடிக்குப் போய், எவரையும் எந்நிலையிலும் கையால் தூக்கவே கூடாதென்று தடுத்தன. கடும் ஊனமுற்ற இரு சகோதரிகள் தொடுத்த வழக்கில் நீதிபதி மன்பி 2003-இல் இதை ஆராய்ந்து, ஊழியரின் பத்திரத்தையும் ஊனமுற்றவரின் கௌரவத்தையும் ஒரே தராசில் வைத்து நிறுக்க வேண்டும். ஒன்று மற்றொன்றைத் தானாகவே விழுங்கிவிட முடியாது. யந்திரத்தில் ஏறுவதும் இயல்பிலேயே அவமானமன்று என்று விளக்கினார். தூக்குபவளும் தூக்கப்படுபவளும் எதிர்க்கட்சிக்காரர்கள் அல்லர் என்பதே அதிலிருந்து நாம் பெறும் பாடம்.

விபத்து நடந்த பிறகு நீதி கிடைக்கிறதா? அமெரிக்க இல்லங்கள் பலவற்றில், சேரும்போதே ஒரு கத்தைக் காகிதத்தில் கையெழுத்து வாங்குகிறார்கள். அதில் ஒன்று, தகராறு நேர்ந்தால் கோர்ட்டுக்குப் போகாமல் மத்தியஸ்தத்துக்கு உட்படுவேன் என்பது. இப்படி முன்கூட்டியே எழுதி வாங்கக்கூடாதென்று 2016-இல் ஒரு விதி பிறந்தது. அது கோர்ட்டில் தடைப்பட்டது. 2019-இல் வந்த விதி, அந்தக் கையெழுத்தை இல்லத்திற் சேருவதற்கு நிபந்தனையாக்கலாகாது, கையெழுத்திட்டவர் முப்பது நாளைக்குள் அதை விலக்கிக்கொள்ளலாம் என்ற அளவில் நின்றது. தாயாரைச் சேர்க்க வந்த மகன், கண்ணீரோடு நிற்கும் அந்த வேளையில், இருபதாவது பக்கத்தைப் படித்தா கையெழுத்திடுவான்?

நமக்கும் இதற்கும் சம்பந்தமென்ன என்று கேட்பவருக்கு இரண்டு சொல்வோம். தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் நமது சகோதரிகள் அந்நிய நாட்டு இல்லங்களில் இதே வேலைக்குச் சென்றிருக்கிறார்கள். பிரிட்டன் 2022 பிப்ரவரியில் பராமரிப்பு ஊழியருக்குக் கதவைத் திறந்து, 2025 ஜூலையில் புதியவர்களுக்கு அதை மூடியது. விசா எஜமானனின் கையில் இருக்கையில், தூக்க மாட்டேன் என்று சொல்லும் துணிவு எத்தனை பேருக்கு வரும்? மேலும், நம் நகரங்களிலும் முதியோர் இல்லங்கள் பெருகி வருகின்றன. மூட்டை தூக்குவோனுக்குக் காயம் நேரும்படியான பாரத்தை ஏற்றலாகாதென்று 1948-ஆம் வருஷத்து ஃபாக்டரி சட்டத்தின் 34-ஆம் பிரிவு விதித்தது. அந்தக் காவல் ஃபாக்டரியின் மதிலோடு நின்றது. நெல்மூட்டையைத் தூக்குவோனுக்கு உள்ள காவல், நம் தாய்மாரைத் தூக்கும் ஆயாவுக்கு வேண்டாமா?

ஆகையால் பொதுக்காரியங்களில் ஈடுபட்டவர்கள் எந்த நாட்டு இல்லத்தின் வாசலிலும் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. இவரை மாற்ற எத்தனை பேர் வேண்டுமென்று எழுதியிருக்கிறது? இராமுறையில் அந்தப் பகுதியில் மெய்யாக எத்தனை பேர் இருக்கிறார்கள்? தூளியைக் கடைசியாகப் பரிசோதித்த தேதி எது? தனியாகத் தூக்க மறுத்த பணிப்பெண்ணுக்கு என்ன நேர்ந்தது? இந்த நான்குக்கும் நேரான விடை கிடைக்காத இல்லத்தில், அடுத்த எலும்பு முறிவு நாள் பார்த்துக் காத்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

எலும்பு முறிந்த கிழவியும் முதுகு முறிந்த பணிப்பெண்ணும் ஒரே குற்றத்தின் இரு சாட்சிகள். இருவர் தூக்க வேண்டும் என்று எழுதிவிட்டு ஒருத்தியை மட்டும் அனுப்பியவன் எவனோ, அவனே பொறுப்பாளி. அவனைக் கூண்டிலேற்றாமல் பணிப்பெண்ணை மட்டும் வேலையினின்று நீக்கிக் கணக்கை முடிக்கும் நாடு எத்தனை செல்வம் படைத்ததாயினும், முதியோரைக் காக்கிறதென்று சொல்லிக்கொள்ளும் யோக்கியதையை இழந்துவிடுகிறது.